கேட்டிருந்தா விட்டிருப்பான்

'பூட்டு தொங்குது, கதவு திறந்து கிடக்குது' என்று யாரோ சலூன் ஷட்டரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எழுத்து குண்டு குண்டாக, கோணாமல் இருந்தது. சலூன்காரருக்கு அதில்தான் இன்னும் எரிச்சல். அவசரத்தில் கிறுக்கியிருந்தால்கூடப் போனால் போகிறது என்று விடலாம். இவன் நின்று நிதானமாக எழுதியிருக்கிறான். மாடியிலிருந்து மனைவி பால் வாங்க இறங்கி வருவதற்குள் அழித்துவிட வேண்டும் என்று ஈரத்துண்டை எடுத்துத் தேய்த்தார். எழுத்து போய் வெள்ளைத் திட்டு நின்றது.

பூட்டு என்பது அவருடைய மச்சினன். ஊர் கால்பந்து அணியின் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். அவனைத் தாண்டி ஒருத்தன் பந்தைக் கொண்டுபோக முடியாது என்று மைதானத்தில் வைத்த பெயர், வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவள் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காதான் வளர்த்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டபோது பையனையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று சலூன்காரர் தமாஷாகச் சொல்வார். சொல்கிறபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

இந்தச் சீசன் ஆரம்பத்தில் அணி கொடிகட்டிப் பறந்தது. பூட்டு இடது பக்க ஸ்டாப்பர். கோல் வாங்குவதே அபூர்வம். பிறகு கோச் வெளியூரிலிருந்து ஒரு நெட்டைப் பையனைக் கொண்டுவந்தார். இடதுகால்காரன். பார்த்த மாத்திரத்தில் ஊர் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தது. அவனை இடது பக்கம் நிறுத்தி, பூட்டை வலது பக்கம் தள்ளினார் கோச். அன்றைக்குப் பிடித்தது சனி. தோல்வி மேல் தோல்வி வந்து, அணி பட்டியலில் சறுக்கிச் சறுக்கி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்குக் கடைசி ஆட்டம். டிரா செய்தால் தப்பிக்கலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன்.

போன வாரம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். உயரமாக வந்த பந்து. கோல் காக்கிற கோலி ஓடி வந்து, "விடு, விடு" என்று கத்தினான். மைதானத்துக்கு வெளியே டீ ஆற்றிக்கொண்டிருந்தவனுக்குக்கூடக் கேட்டது. பூட்டு விடவில்லை. எகிறித் தலையால் முட்டினான். பந்து கோலியின் தலைக்கு மேலே போய்க் காலியாகக் கிடந்த வலையில் விழுந்தது. சேம் சைடு கோல். முதலில் ஊர் திமிர் என்றது. நாலு நாளில் விலை போய்விட்டான் என்றது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஈரத்துண்டோடு அவர் மாடி ஏறியதும், தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்தபடி மனைவி ஆரம்பித்தாள்.

"அவனுக்கு என் மேல என்ன கோபம்னு கேளுங்க."

"கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. தோத்துட்டு வந்திருக்கான், மனசு சரியில்ல."

"மனசு சரியில்லன்னா வாயைத் தொறந்து சொல்லணும். நேத்து தட்டுல சாப்பாடு போட்டுட்டுத் தம்பி, தம்பின்னு கூப்பிடறேன். சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். கூப்பிட்டா ஏன்னு கேக்கக்கூட நான் வேண்டாதவளா ஆயிட்டேனா?"

"அவன் அப்படி நெனைக்கறவன் இல்லடி."

"நீங்க ஆரம்பத்துலேர்ந்தே அவனுக்குத்தான் பேசுவீங்க. தனியாப் போகணும்னா போகட்டும். சொல்லிட்டுப் போகட்டும்." மெஷினை வேகமாக மிதித்தாள். கண்ணைத் துடைத்ததை அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் கீழே வந்தபோது பூட்டு ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முக்கியமான ஆட்டத்துக்கு முன்னால் கடை திறப்பதற்குள் முடி வெட்டிக்கொள்வது அவன் வழக்கம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே தூறல். வெள்ளைத்துணியைக் கழுத்தில் சுற்றி, தண்ணீர் பீச்சி, சீப்பை விட்டார். பூட்டு கண்ணை மூடிக்கொண்டான்.

காதருகே போகும்போது கத்தரியைக் காற்றில் ரெண்டு தடவை சொடுக்குவது தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். அந்தச் சத்தத்துக்குத் தலை தானாகக் கொஞ்சம் ஒதுங்கும், காது பத்திரமாக இருக்கும். வலது பக்கம் சொடுக்கினார். தலை ஒதுங்கியது. கிருதாவைச் சரிசெய்துவிட்டு இடது பக்கம் வந்து சொடுக்கினார். தலை அப்படியே நின்றது. தூங்கிவிட்டானோ என்று பார்த்தார். துணிக்கு அடியில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இன்னும் நெருக்கத்தில் சொடுக்கினார். ஒன்றும் இல்லை.

சலூன்காரர் குனிந்து அந்தக் காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார். "மாப்ளே, இன்னைக்கு உன்னை டீம்ல எடுக்கலயாம்."

விரல்கள் தாளம் போட்டுக்கொண்டேயிருந்தன.

அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைச் சுற்றி வலது பக்கம் போனார்.

"மாப்ளே."

"ம்."

"எப்பலேர்ந்துடா?"

பூட்டு கண்ணைத் திறந்தான். கண்ணாடியில் மாமாவின் முகத்தைப் பார்த்தான். என்ன என்று கேட்கவில்லை. மறைக்கிறவனுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

"மந்தமா இருந்தது ரொம்ப நாளா. மழை ஆரம்பிச்சதும் உள்ள ஒரே இரைச்சல். அப்புறம் அதுவும் நின்னுடுச்சு."

"பட்டறைதானே?"

"வேற என்ன."

பூட்டு வேலை பார்ப்பது டிரம் பட்டறையில். நசுங்கி வருகிற எண்ணெய் டிரம்முக்குள் இரும்புக் குண்டை வைத்து, வெளியே சுத்தியலால் அடித்து நிமிர்த்த வேண்டும். வலது கையால் அடிக்கிறவனுக்கு இடது காதுதான் டிரம்மை ஒட்டி நிற்கும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வீட்டில் கத்தித்தான் பேசுவார்கள். இவன் மட்டும் பேச்சையே குறைத்துக்கொண்டான்.

"இடது பக்கம் ஆடினவரைக்கும் தெரியல மாமா. கூட ஆடறவன், கோலி, எல்லாரும் எனக்கு வலது கைப் பக்கம். நல்லாக் கேக்கும். கோச் என்னை அந்தப் பக்கம் மாத்தினதும் எல்லாச் சத்தமும் இந்தச் செத்த காதுக்கு வருது."

"கோலி கத்தினது?"

"பந்தைப் பாத்துட்டிருந்தேன். அவன் வந்ததே தெரியாது. வலையில விழுந்தப்பறம்தான் திரும்பினேன்."

"ஏன்டா சொல்லித் தொலைக்கல? விலை போயிட்டான்னு ஊரே பேசுதேடா."

"பேசட்டும். விலை போனவன்கூட அடுத்த வருஷம் ஆடிக் காட்டித் திரும்பி வந்துடலாம். செவிடனை யார் மாமா எடுப்பா?" கழுத்துத் துணியை இழுத்துத் தளர்த்திக்கொண்டான். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தகரத்தைத் தட்டறேன். அந்த மைதானத்துல இறங்கினாத்தான் நான் மனுஷன். அதையும் புடுங்கிட்டா என்ன பண்றது?"

சலூன்காரர் அவன் தோளில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டார்.

"கோச்சுக்குத் தெரியக் கூடாது. அக்காவுக்குக் கண்டிப்பாத் தெரியக் கூடாது. கத்தரி மேல கை வெச்சு சொல்லுங்க."

சோறு போடுகிற கத்தரி. அவர் அதன் மேல் சத்தியம் செய்ததே இல்லை. பையன் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள்ளேயே தப்புப் பண்ணிவிட்டோம் என்று தோன்றிவிட்டது.

பூட்டு போன கொஞ்ச நேரத்தில் ஷட்டர் முழுக்க ஏறியது. முதல் ஆளாக பஸ் டிரைவர் வந்தார். ஹாரன் அடித்து அடித்துப் பழகின குரல் அவருக்கு. பின்னாலேயே மருந்துக்கடை கம்பவுண்டர், ஈரக்குடையை மூலையில் சாத்திவிட்டு வந்தார். இரண்டு பேருக்கும் முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. கம்பவுண்டருக்கு வெட்டுவதற்குத் தலையில் முடியே இல்லை. ஆட்டத்தன்றைக்கு கோச் இங்கேதான் ஷேவிங்குக்கு வருவார், அவர் காதில் நாலு வார்த்தை போட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

கோச்சும் வந்தார். உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். சலூன்காரர் பிரஷ்ஷால் நுரையை ஏற்றினார். வாயைச் சுற்றி நுரை ஏறிவிட்டால் கோச்சால் பதில் பேச முடியாது. டிரைவர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

"சலூன்காரரே, உங்களை வெச்சுக்கிட்டே சொல்றேன். முதுகுக்குப் பின்னாடி பேசற பழக்கம் எனக்கில்ல. இன்னைக்குப் பூட்டை உக்கார வைக்கணும்."

"வெச்சுட்டு?" என்றார் கம்பவுண்டர். "பின்னாடி யாரு, நீங்க நிப்பீங்களா?"

"மூணு பேரை நிறுத்துங்க. நடுவுல ஒட்டடைக்குச்சி. ரெண்டு பக்கமும் ரெண்டு சின்னப் பசங்க. ஓடறதுக்குக் கால் இருக்கு."

"கால் இருக்கும், மூளை? சீசன் ஆரம்பத்துல நம்ம டிபென்ஸைப் பாத்து ஊரு ஊரா நடுங்கினாங்களே, அது யாரால? இவனாலதான். அன்னைக்கு அவனைத் தோள்ல தூக்கிட்டு ஆடினது நீங்கதான். பஸ்ஸை ஸ்டாண்டுல போட்டுட்டு."

"ஆடினேன். இல்லங்கல. அன்னைக்கு அவன் ஆட்டம் அப்படி. இப்ப? பக்கத்துல இருக்கறவன் ஆள் வருதுன்னு கத்தறான், இவன் திரும்பறதில்ல. கோலி தொண்டை கிழியக் கத்தறான், இவன் மதிக்கறதில்ல. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடறான்."

சலூன்காரர் சுத்தமாக இருந்த கத்தியைத் இன்னொரு தடவை துண்டில் துடைத்தார்.

"திமிருன்னு சொல்லாதீங்க," என்றார் கம்பவுண்டர். "பேசவே பேசாத பையன். அவனுக்கென்ன திமிர்?"

"பேசாதவனைத்தான் நம்பக் கூடாது. எதிர் டீம்காரன் என்ன கொடுத்தானோ."

"டிரைவர்," என்றார் சலூன்காரர். குரல் உயரவில்லை. "என் வீட்ல சாப்பிடற பையன் அவன்."

டிரைவர் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே, "நான் சொல்லல, ஊர்ல சொல்றாங்க," என்றார்.

கோச் கையைத் தூக்கினார். சலூன்காரர் வாயைச் சுற்றி நுரையை வழித்துக் கொடுத்தார்.

"நீங்க சொல்லுங்க," என்று கோச் கண்ணாடியில் அவரையே பார்த்தார். "ஒரே வீட்ல இருக்கீங்க. எனக்கும் புரியல. அவன் ஏன் யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறான்?"

கத்தி கோச்சின் தொண்டைக்குழிக்கு மேலே இருந்தது. இரண்டு ரசிகர்களும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சொன்னால் களங்கம் போகும், ஆட்டமும் போகும். சொல்லாவிட்டால் ஆட்டம் இருக்கும், துரோகி என்ற பெயரும் இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் கத்தரி கிடந்தது.

"கேட்டிருந்தா விட்டிருப்பான்," என்றார்.

டிரைவர் தொடையில் தட்டினார். "அதைத்தானேய்யா நாங்களும் சொல்றோம். கேட்டிருந்தா விட்டிருப்பான். கேட்டாத்தானே."

கம்பவுண்டர்கூடச் சிரித்துவிட்டார். கோச்சின் வயிறு குலுங்க, சலூன்காரர் அவசரமாகக் கத்தியைத் தூக்கிக்கொண்டார். உண்மையைத் தமிழில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியாகிவிட்டது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்று இன்னொரு தடவை முயன்றார். "அவனைப் பழைய இடத்துல நிறுத்திப் பாருங்களேன். இடது பக்கம்."

"மச்சினனுக்கு வக்காலத்து ஆரம்பிச்சாச்சு," என்றார் டிரைவர்.

"இல்ல, அவர் சொல்றதும் வாஸ்தவம்தான்," என்றார் கம்பவுண்டர். "இடம் மாத்தினப்பறம்தான் ஓட்டை விழுந்தது."

கோச் தலையை ஆட்டினார். "ஒட்டடைக்குச்சிக்கு வலது கால் வெறும் கட்டை. அவனை அந்தப் பக்கம் தள்ளினா நானே கோல் போட்டுக் கொடுக்கற மாதிரி. கடைசி ஆட்டத்துல போய் இடம் மாத்த முடியாது. பூட்டை விட்டா வேற ஆளுமில்ல. இறங்கட்டும், வலது பக்கமே. ஆனா இன்னொரு தடவை கேக்காம ஆடினான்னா, அப்புறம் இந்த ஜென்மத்துல என் டீம்ல கிடையாது. வீட்ல சொல்லி அனுப்புங்க."

கோச்சின் கன்னத்தில் சிவப்பாக ஒரு புள்ளி முளைத்தது. இத்தனை வருஷத்தில் சலூன்காரரின் கத்தி யாரையும் கீறியதில்லை. படிகாரத்தை எடுத்து அழுத்தினார்.

மதியம் கடையைச் சாத்தும்போது மனைவி குடையோடு வாசலில் நின்றாள். மைதானத்துக்கு வருகிற பழக்கம் அவளுக்கில்லை.

"நீ எங்க வர்ற?"

"காலையில ஷட்டர்ல எழுதியிருந்ததை நீங்க அழிக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். பால் வாங்கிட்டு வந்தாச்சு அப்பவே," என்றாள். "என்கிட்ட பேசாட்டிப் போறான். ஊரே திட்டறப்ப ஒருத்தியாவது அவன் பக்கம் நிக்கணும்ல?"

சலூன்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார். சொல்லிவிடலாமா என்று இருந்தது. கத்தரியை நினைத்துக்கொண்டு நடந்தார்.

மைதானம் சேறாகிக் கிடந்தது. பூட்டு பந்தைத் தொட்டபோதெல்லாம் சொந்த ஊர்க்காரர்களே ஊளையிட்டார்கள். ஒவ்வொரு ஊளைக்கும் அவள் புடவைத் தலைப்பை இறுக்கிச் சுருட்டினாள். சலூன்காரர் பந்தையே பார்க்கவில்லை. ஒட்டடைக்குச்சியின் வாயைத்தான் பார்த்தார். அந்த வாய் திறந்தபோதெல்லாம் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதல் பாதியில் ஒரு தடவை ஒட்டடைக்குச்சி, "என்னுது," என்று கத்திக்கொண்டு வந்தான். பூட்டும் பாய்ந்தான். இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து கோல் கம்பத்தை உரசி வெளியே போனது. கோச் பெஞ்சிலிருந்து எழுந்து, தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"பாத்தீங்களா," என்று எங்கிருந்தோ டிரைவரின் குரல் வந்தது. "சொன்னேன்ல?"

இரண்டாம் பாதியில் சலூன்காரர் மனைவியை அழைத்துக்கொண்டு தங்கள் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். இன்னும் யாரும் கோல் போடவில்லை. எதிரணியில் ஒரு மொட்டை பார்வர்ட். எந்தச் சலூனுக்கும் பிரயோஜனமில்லாதவன். அவன் கோலியையே கவனித்துக்கொண்டிருந்தான். போன வாரத்துக் கதை லீக் முழுக்கப் பரவியிருந்தது.

ஆட்டம் முடிகிற சமயம். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ கிக். மொட்டை வந்து பூட்டுக்கும் ஒட்டடைக்குச்சிக்கும் நடுவில் நின்றுகொண்டான். பூட்டின் இடது பக்கம். பந்து மழையைக் கிழித்துக்கொண்டு உயர வந்தது.

"விடு."

கணீரென்று ஒரு குரல். ஒட்டடைக்குச்சி எகிறப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். கோலியின் குரல் என்று மைதானமே நினைத்தது. ஆனால் வலைக்குப் பின்னால் நின்ற சலூன்காரருக்குத் தெரிந்தது, கோலி வாயே திறக்கவில்லை. திகைத்துப்போய்க் கோட்டிலேயே நின்றான். வாய் திறந்திருந்தது மொட்டைக்கு. கள்ளக்குரல் கொடுத்துவிட்டு அவன் பந்துக்காக எழும்பிவிட்டான். அவனைத் தடுக்க யாரும் இல்லை.

பூட்டு ஒருத்தனுக்குத்தான் அது கேட்கவில்லை. பந்து வந்தது, எகிறினான். மொட்டையின் நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னால் தலையைக் கொடுத்து முட்டினான். பந்து மைதானத்தைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். அவ்வளவுதான். அணி தப்பித்தது.

கத்தினது நானில்லை, மொட்டைதான் என்று கோலி சொன்னது ஒரு நிமிஷத்தில் கூட்டம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே உரிய வெட்கங்கெட்ட காரியம். காலையில் உட்கார வைக்கச் சொன்ன டிரைவர் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். "விடுன்னு கத்தினானே அந்த மொட்டை, விட்டானா? எவன் சொன்னாலும் கேக்க மாட்டான்யா என் சிங்கம்," என்று பூட்டைக் கட்டிக்கொண்டார். அதே வார்த்தைதான். காலையில் வசவு, மாலையில் மாலை. கோச் வந்து முதுகில் தட்டி, "அடுத்த சீசனும் வலது பக்கம் நீதான்," என்றார். பூட்டு எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பந்தை யாரோ எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்கள். அதை இடுக்கிக்கொண்டான். சலூன்காரரைப் பார்த்ததும் கண்ணாலேயே, சொல்லிடாதீங்க, என்றான்.

அவன் அக்கா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். கைநீட்டினால் தொடலாம். "தம்பி," என்றாள். அவன் திரும்பவில்லை. "தம்பி, இங்க பாரேன்." திரும்பவில்லை. "டேய்." ஊர் முழுக்க அவனைக் கொண்டாடிக்கொண்டிருக்க, அவள் முகம் மட்டும் சுருங்கிப்போனது. கணவரிடம் திரும்பினாள்.

"டீம் தப்பிச்சப்புறமும் என்ன கோபம் அவனுக்கு? இவ்வளவு கிட்ட நின்னு கூப்பிடறேன். ஏன் கேக்க மாட்டேங்கறான்?"

சலூன்காரர் தரையைப் பார்த்தார். அடுத்த சீசனும் வலது பக்கம். அடுத்த சீசனும் பட்டறை. மிச்சம் இருப்பது ஒரு காது.

"மாட்டேங்கல," என்றார். "கேக்கல."

"என்ன?"

"அந்தக் காது கேக்கலடி அவனுக்கு."

அவள் அப்படியே நின்றாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, தட்டில் ஆறிப்போன சாப்பாடு, தான் அழுத அழுகை, ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போயின. பிறகு தம்பியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். சின்ன வயதில் செய்ததுபோல அவன் வலது காதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அக்கா கொஞ்சுகிறாள் என்று.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றாள்.

பூட்டு மாமாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு சலூன்காரர் நகராமல் நின்றார்.

"அக்கா, கத்தாதே. எல்லாரும் இருக்காங்க. இந்த ஒரு காது நல்லா இருக்குக்கா. அடுத்த சீசன் மட்டும் ஆடிக்கறேன். கோச்சே சொல்லிட்டாரு. ஒரே ஒரு சீசன். அப்புறம் நீ எங்க வேணாக் கூட்டிட்டுப் போ."

அவள் காதை விடவில்லை. மழையில் இருவரும் நனைந்துகொண்டிருந்தார்கள்.

"விடுடா," என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

அவனுக்குக் கேட்டது. கக்கத்தில் இடுக்கியிருந்த கை தளர்ந்து, பந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. அது உருண்டு போவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான், எடுக்கப் போகவில்லை.